சூளையில் காய்ந்த புன்னை

புன்னை எண்ணெய் நாறும். அதை வாசனை என்று சொல்கிறவர்கள் சின்னப் பாட்டிலில் வாங்கி இரண்டு சொட்டு முகத்தில் தடவிக்கொள்கிறவர்கள். நான் அதோடு பல வருடமாகக் குடித்தனம் நடத்துகிறவள். கறுப்பும் பச்சையும் கலந்த நிறத்தில், பிசுபிசுவென்று, எந்தச் சோப்புக்கும் மசியாமல் நகக்கண்ணில் உட்கார்ந்துகொள்ளும். கல்லூரிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு பெரும்பாலும் காலியாகவே வரும். அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

விருத்தாசலத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். அதோடு ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் பதிவு செய்திருந்தேன். நம் பக்கத்து மரங்களின் விதைகளிலிருந்து எண்ணெய் எடுத்து, அதில் உடம்புக்கு உதவுகிற பொருள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. புங்கம், இலுப்பை, வெட்பாலை எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. புன்னை கேட்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்காதவற்றோடு மல்லுக்கு நிற்பது என் குணம். கடைசியில் புன்னையே என் தலைப்பாகிவிட்டது.

பட்டம் வருவதற்கு முன்பே தெருவில் என்னை டாக்டராக்கிவிட்டார்கள். ஒருத்தி சேற்றுப்புண்ணோடு வருவாள். ஒருவர் முட்டி வலியோடு வருவார். "நான் அந்த டாக்டரு இல்லங்க" என்பேன். "அதெல்லாம் தெரியும், எத்தினி சொட்டு தேய்க்கணும், அத மட்டும் சொல்லு" என்பார்கள். சிரித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்புவேன். என் வீட்டுக்குள்ளேயே அதே பேச்சு ஒருநாள் வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மா, நான், தம்பி. அப்பா நாங்கள் படிக்கும்போதே போய்விட்டார். தம்பி செராமிக் எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட்டில் சூளை பார்க்கிறான். பொம்மை, ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர் எது வந்தாலும் அடுக்கி, சூடு ஏற்றி, ஆறவைத்து இறக்குவது அவன் பொறுப்பு. அம்மாவும் எஸ்டேட்டில்தான் வேலை பார்த்தாள். சூளையிலிருந்து வந்த சரக்கை ஒவ்வொன்றாக எடுத்து, நடுவிரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, காது கொடுத்துக் கேட்டு, நல்லதை ஒரு பக்கமும் விரிசல் விட்டதை ஒரு பக்கமும் வைப்பாள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரியும். சர்க்கரை வந்து வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. டம்ளரைத் தட்டுவாள், தேங்காயைத் தட்டுவாள், கோபம் வந்தால் என் மண்டையையும் தட்டுவாள்.

எங்கள் தெருவில் மழைக்காலச் சேற்றுக்கு மண் கொட்டுகிற வழக்கம் இல்லை. உடைந்த பீங்கான்தான் கொட்டுவோம். எஸ்டேட்டிலிருந்து ஒரு வண்டிச் சில்லைக் கொண்டுவந்து தோட்டத்தில் நிரவிவிட்டால் தண்ணீர் நிற்காது, பாம்பும் வராது. அந்த ஐப்பசியில் அம்மா தோட்டத்துப் பக்கம் வெறுங்காலோடு போய்விட்டு வந்தாள். வந்து சமையல்கட்டில் நின்று குழம்பைக் கிளறினாள். நான் கல்லூரியிலிருந்து வந்தபோது தோட்டத்துக் கதவிலிருந்து அடுப்பு வரை சிவப்பாகத் தடம் போயிருந்தது. காலைத் தூக்கிப் பார்த்தால், வலது கட்டைவிரலுக்குக் கீழே வெள்ளையாக ஒரு பீங்கான் சில் ஏறி நின்றது. அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சர்க்கரை அவள் பாதத்து உணர்ச்சியை எப்போதோ தின்று முடித்திருந்தது.

சில்லை எடுத்தாயிற்று, ஊசி போட்டாயிற்று, கட்டும் கட்டியாயிற்று. புண் ஆறவில்லை. விரல் வீங்கிப் பளபளவென்று ஆனது. புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் வயதில் என்னைவிடச் சின்னவர், பொறுமைசாலி. எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். எலும்பு வரைக்கும் போயிருந்தது. "கட்டைவிரலை எடுத்துடலாம்மா. இப்பவே எடுத்தா காலு நிக்கும். தள்ளிப்போட்டா என்னால சொல்ல முடியாது" என்றார்.

அம்மா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். "எம்பொண்ணு எண்ணெ எடுத்துக்கிட்டு இருக்குதுங்க. புண்ணு ஆத்துற எண்ணெ. அத போட்டுப் பாத்துட்டு வரங்க" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

பஸ்ஸில் வரும்போதே ஆரம்பித்துவிட்டேன். என் எண்ணெய் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கண்ணாடித் தட்டில் வளர்த்த தோல் செல்களில் ஒரு கீறல் போட்டு, எண்ணெயிலிருந்து பிரித்ததைச் சேர்த்தால், அந்தக் கீறல் கொஞ்சம் சீக்கிரம் மூடுகிறது. அவ்வளவுதான். அந்தத் தட்டில் சர்க்கரை கிடையாது, சீழ் கிடையாது, எலும்பு கிடையாது. "அது தட்டும்மா. உன் காலு இல்ல" என்று கரடியாய்க் கத்தினேன். முன்சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

"மூடுதுன்னு நீதான சொன்ன?" என்றாள் அம்மா.

"சொன்னேன்."

"அப்பறம் என்னா? எல்லாத்துக்கும் பண்ற, பெத்தவளுக்குப் பண்ண மாட்டியா?"

வெட்டச் சொல்கிற பெண்ணைவிட ஆற்றிவிடுகிற பெண்தான் எந்தத் தாய்க்கும் வேண்டும். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பெரியம்மா போன் செய்து, வெட்ட விடாதே, வெட்டினால் அப்புறம் வெட்டிக்கொண்டே போவார்கள் என்று அவள் பங்குக்கு உருவேற்றினாள். யார் யாரோ அனுப்பிய வீடியோக்கள் அம்மாவின் போனில் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாவற்றிலும் ஒரு பச்சை இலை, ஒரு புல்லாங்குழல், ஒரு ஆறிய புண். எனக்கு அந்தப் புல்லாங்குழல்காரனை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது.

எண்ணெயும் அப்போது கைவசம் இல்லை என்பதுதான் வேடிக்கை. பழைய எண்ணெய் எல்லாம் சோதனைகளில் தீர்ந்திருந்தது. புதிதாக ஸ்ரீமுஷ்ணம் பக்கம் ஒரு குளக்கரையில் வௌவால் தின்று போட்ட புன்னைக் கொட்டைகளை மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து, ஓட்டை உடைத்து, பருப்பை மொட்டை மாடியில் காயப் போட்டிருந்தேன். புன்னையின் பிடிவாதம் இங்கேதான். பருப்பைப் பச்சையாக உடைத்தால் தேங்காய்த் துண்டு போல வெள்ளையாக இருக்கும். பிழிந்தால் எண்ணெய் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் வராது. காற்றிலும் இளவெயிலிலும் மெதுவாக இரண்டு மாதம் கிடக்க வேண்டும். கிடக்கக் கிடக்க அது பழுப்பாகி, கறுத்து, பிசின் ஊறி, விரலில் ஒட்ட ஆரம்பிக்கும். எண்ணெயும் நமக்கு வேண்டிய சரக்கும் அந்தக் கிடப்பில்தான் உண்டாகின்றன. அவசரப்படுத்தினால் கிடையாது.

"இன்னும் எத்தினி நாளுக்கா ஆவும்?" என்று தம்பி தினமும் மாடிக்கு வந்து பருப்பைத் தொட்டுப் பார்ப்பான். ஆகும் என்பேன். அதற்குள் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சம்மதிக்க வை என்பேன். தலையாட்டுவான். அவனுக்கு அம்மா என்றால் உயிர். அவளிடம் வெட்டு என்ற வார்த்தையை அவனால் சொல்லவே முடியாது. இரண்டு பேரும் சேர்ந்து புன்னைக்காகக் காத்திருந்தார்கள். நான் ஒருத்தி மட்டும் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்று வீட்டில் வில்லியாகத் திரிந்தேன்.

ஒருநாள் மாடிக்குப் போனால் பாதிப் பருப்பைக் காணோம். அணில் தின்றிருக்கும் என்றால் மூட்டைக்கணக்கில் தின்னுமா? மறுநாள் மத்தியானம் தம்பி ஒரு பாட்டிலோடு வந்து நின்றான். பொன் நிறத்தில், தெளிவாக, அந்தப் பக்கம் இருக்கிற கை தெரிகிற மாதிரி எண்ணெய். நாற்றமும் இல்லை. சூளை ஆறும்போது அதன் மேல்தளத்தில் தகரத்தை விரித்துப் பருப்பைக் கொட்டியிருக்கிறான். ஈர அச்சுகளைக் காயவைக்க அவர்கள் எல்லோரும் பயன்படுத்துகிற இடம். பருப்பு சீக்கிரமே மொறுமொறுவென்று ஆகிவிட்டது. அதைச் செக்கில் கொடுத்து ஆட்டி வாங்கி வந்துவிட்டான்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சூளைக்காரனுக்குத் தெரியாத விஷயமா இது? ஈரம் சரியாகக் காயாத பொம்மையை அவன் சூளைக்குள் வைக்கவே மாட்டான். அவசரமாகச் சூடு காட்டினால் வெடித்துச் சில்லாகும். முதலாளி தொண்டை கிழியக் கத்தினாலும், நிழலில் காய வேண்டியது காய்ந்தால்தான் ஏற்றுவேன் என்று நிற்கிறவன் அவன்.

"ஈரப் பொம்மைய அவசரப்பட்டு சூளைல வெப்பியாடா நீ?" என்றேன்.

தம்பி பாட்டிலை மேசைமேல் வைத்தான். "பொம்மைக்கு நேரம் இருக்குதுக்கா. அம்மாவுக்கு இல்ல" என்றான்.



அம்மா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காலம் முழுக்கக் குறையில்லாத பளபளப்பைத் தேடித் தேடி நல்ல சரக்கு என்று ஒதுக்கியவள். "இதுதான் ஃபஸ்ட்டு. இவ எடுக்கிறது தார் மாரி இருக்கும்" என்றாள். கட்டைப் பிரித்து, பஞ்சில் நனைத்து வைத்தாள். தம்பி காலடியில் உட்கார்ந்து புதுக்கட்டுப் போட்டுவிட்டான். ஆஸ்பத்திரி கொடுத்த மாத்திரைகளையும் அதோடு நிறுத்திவிட்டாள் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது தெரியாது.

முதல் வாரம் புண் மூடியது. சத்தியமாக மூடியது. மேலே காய்ந்து, ஓரம் ஒட்டி, தோல் மாதிரி ஒன்று படர்ந்தது. பெரியம்மா பார்க்க வந்து தம்பியைத் தலையில் தூக்கி வைத்து ஆடினாள். "படிச்சவ வெட்டுன்னா, படிக்காதவன் ஆத்திட்டான்" என்று என் காதுபடவே சொன்னாள். எனக்கே சபலம் தட்டியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆறிவிட்டால் நல்லதுதானே, நான் தோற்றுப்போனால் என்ன குறைந்துவிடும் என்று இருந்தது.

அந்தச் சபலத்தில்தான் அவன் எண்ணெயில் கொஞ்சம் எடுத்துக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். வெள்ளை மாவு பூசிய சின்னத் தகடு ஒன்று உண்டு. அதன் அடியில் எண்ணெயை ஒரு பொட்டாக வைத்து, கரைப்பான் ஊற்றிய கண்ணாடி ஜாடியில் நிறுத்தினால், கரைப்பான் மேலே ஏற ஏற எண்ணெயில் உள்ளவை ஒவ்வொன்றாகப் பிரிந்து நிற்கும். புற ஊதா விளக்கில் பிடித்தால், புண்ணுக்கு உதவும் என்று நான் நம்புகிற சரக்கு நீலமாக ஒளிவிடும். என் பழைய எண்ணெய்த் துளி ஒன்று மட்டும் ஒரு குப்பியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை இடது பக்கம் வைத்தேன், தம்பியுடையதை வலது பக்கம் வைத்தேன். விளக்கைப் போட்டதும் இடது கோட்டில் நீலம் பட்டைபட்டையாக எரிந்தது. வலது கோட்டில் இருட்டுதான் இருந்தது. மேலே ஒரு ஓரத்தில் ஏதோ மங்கலாக, அழுக்கு மாதிரி. திரும்பவும் ஒரு தகடு வைத்துப் பார்த்தேன். அதே இருட்டு.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அந்த எண்ணெயில் ஒன்றும் இல்லை, தலைக்குத் தேய்க்கிற எண்ணெயும் அதுவும் ஒன்று என்றேன். "அப்ப எப்புடி மூடுச்சி?" என்றாள். மேலேதான் மூடியிருக்கிறது, உள்ளே என்ன நடக்கிறதோ தெரியாது, வா போகலாம் என்றேன். விரிசல் விட்ட ஓட்டின் மேல் பளபளப்புக்குக் கிளேஸ் பூசினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும் என்று அவள் பாஷையிலேயே சொன்னேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உன் மிசினுக்குத் தெரியாதது எம்புள்ள கைக்குத் தெரியும்" என்றாள். தம்பியிடம் சொல்லப்போனால், அவன் அன்றைக்குத்தான் சிரித்த முகமாக வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அம்மாவைக் கிளப்பிவிட்டால் போதும், அவனுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. விளையாட்டுக் காய்ச்சல் இல்லை, பல்லெல்லாம் அடித்துக்கொள்கிற குளிர்க்காய்ச்சல். கட்டைப் பிரித்தபோது தோல் அப்படியே இருந்தது. அதற்கு அடியில் பாதம் முழுக்கக் கருநீலமாகி, விரலால் அழுத்தினால் பொதபொதவென்று உள்ளே போனது. மூடிய தோல் சீழுக்கு மூடியாக இருந்திருக்கிறது. தம்பி அம்மாவைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வாடகை வண்டியில் உட்காரவைத்தான். புதுச்சேரி போகும் வரைக்கும் அந்தக் காலைத் தன் மடியில் வைத்திருந்தான்.

அதே டாக்டர்தான் இருந்தார். ஏன் இவ்வளவு நாள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், இன்றைக்கே எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஆளே இல்லை என்றார். கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தைத் தம்பி என் பக்கம் தள்ளினான். நான்தான் பேனாவை வாங்கிப் போட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா தேறினாள். தம்பிதான் தேறவில்லை. சூளைப் பக்கம் போகவே மாட்டேன் என்றான். முதலாளி ஆள் மேல் ஆள் அனுப்பினார். அம்மாவுக்குச் சோறு போட்டுக் கொடுப்பான், தூக்கிக்கொண்டுபோய்க் குளியலறையில் உட்காரவைப்பான், மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சோறு இறங்கவில்லை, கன்னம் ஒட்டிப்போயிற்று. எண்ணெய் என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. தாளிக்கக்கூட நான் வாய்விட்டுக் கேட்பதில்லை, எழுந்துபோய் எடுத்துக்கொள்வேன்.

மாடியில் மிச்சமிருந்த பருப்பு அது பாட்டுக்குக் காய்ந்துகொண்டே இருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதால் முழுசாக, சரியாகக் காய்ந்திருந்தது. பார்க்கவே எரிச்சலாக வந்தது. ஆனாலும் ஆட்டி எடுத்தேன், வேறு என்ன செய்ய? கரும்பச்சையாக, கெட்டியாக, நாறிக்கொண்டு, என் வாழ்நாளில் எடுத்ததிலேயே நல்ல எண்ணெய் வந்தது. தம்பியின் பாட்டிலில் அடியில் நின்றதையும் பக்கத்தில் வைத்துத் தகடு போட்டேன். நல்லது ஒரு கோடு, மற்றது ஒரு கோடு. எதற்கு அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன் என்று தெரியவில்லை. அம்மா பார்க்க வேண்டும் என்று ஒரு ஆங்காரம்தான், வேறென்ன.

கள்ளநோட்டுப் பார்க்கிற நீல விளக்கு ஒன்று என்னிடம் இருந்தது. மத்தியானம், தம்பி கடைக்குப் போயிருந்த நேரம். அம்மாவின் கட்டிலில் ஏறி உட்கார்ந்து இரண்டு பேர் தலைக்கு மேலும் போர்வையைப் போர்த்தி இருட்டாக்கி, விளக்கைப் போட்டேன். ஒரு கோடு நீலமாக எரிந்தது. ஒன்று எரியவில்லை.

அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். "எரியறது உன்னுதா?" என்றாள்.

"ஆமா."

"அப்ப இது மாடில கெடந்துதா?"

"காஞ்சிக்கிட்டு இருந்துச்சி."

"இத போட்டிருந்தா?"

எனக்கு ஆங்காரமெல்லாம் வடிந்துவிட்டது. "இத போட்டிருந்தாலும் விரலு போயிருக்கும்மா" என்றேன்.

"விரலு மட்டும்" என்றாள் அம்மா. அதை என்னிடம் சொல்லவில்லை. விளக்கிடம் சொன்னாள்.

கதவுச் சத்தம் கேட்டது. தம்பி வந்துவிட்டான். கட்டிலில் கூடாரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எங்களைப் பார்த்து, "என்னா பண்றீங்க ரெண்டு பேரும்?" என்றான். நான் விளக்கை அணைக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாடா, இங்க வந்து பாரு. ஒங்கக்கா எண்ணெய டெஸ்ட்டு பண்ணி வெச்சிருக்கா" என்றாள். அவன் தயங்கித் தயங்கித் தலையைப் போர்வைக்குள் விட்டான். அம்மா எரிகிற கோட்டைச் சுட்டினாள். "இது உன்னுது. சூளைல காய வெச்சியே, அது. எப்புடி மின்னுது பாரு. பக்கத்துல செத்தமாரி கெடக்குதே, அது இவளுது."

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் நடுவிரல் முட்டி என் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டியது. மூடிக்கொண்டேன்.

தம்பி கண்ணைத் தகட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். நீல வெளிச்சத்தில் அவன் முகத்து எலும்பெல்லாம் தெரிந்தது. "அப்ப எண்ணெ மேல தப்பு இல்ல?" என்று என்னைக் கேட்டான்.

"இல்லடா" என்றேன்.

"நாமதான் லேட்டு" என்றான். அழுதான். அந்த இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அழுதான். அடுத்த திங்கட்கிழமை சூளைக்குப் போனான்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பல வருட உழைப்பை இருட்டுக்கோடாகத் தூக்கிக் கொடுத்ததற்குக்கூட வருத்தப்படாமல் இருந்தேன். சித்திரை பிறந்தபோது ஒருநாள் தம்பி சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். அவன் யூனிட்டில் கிளேஸ் முக்குகிறவருக்குக் காலில் புண். அவருக்கும் சர்க்கரை. விரலை எடுக்கச் சொல்கிறார்களாம், மனிதர் பயந்துபோய்க் கிடக்கிறார். "நான் எண்ணெ எடுத்துத் தரன்னு சொல்லியிருக்கன்கா. இந்த தடவ லேட்டு பண்ணக்கூடாது. உன்கிட்ட காயாத புன்னப் பருப்பு இருக்குதா?"

அம்மா கையில் சோற்றுருண்டையோடு அப்படியே இருந்தாள். என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவள் கண் சொன்னது. அந்த மனிதரை எனக்கு முகம் தெரியாது. ஆனால் அவருடைய கால் எப்படிக் கருநீலமாகும், விரலால் அழுத்தினால் எப்படி உள்ளே போகும் என்று எனக்குத் தெரியும்.

தம்பியை மாடிக்கு வரச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிழலில் உட்காரவைத்து, பெட்ஷீட்டைப் போர்த்தி, அதே தகட்டை எடுத்தேன். அடியில் பென்சிலால் நான் எழுதி வைத்திருந்ததை அவன் அன்றைக்குப் பார்க்கவில்லை. மாடி என்று ஒன்றின் கீழும், சூளை என்று இன்னொன்றின் கீழும் எழுதியிருந்தது. விளக்கைப் போட்டு, இரண்டையும் அவன் கையில் கொடுத்தேன். அவன் இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாதான்டா மாத்திச் சொன்னா."

போர்வைக்குள் அனலாக இருந்தது. திட்டுவான், தகட்டை உடைப்பான், மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான் என்று எனக்குப் பயமாக இருந்தது. விளக்கை அவனே அணைத்தான்.

"எனக்குத் தெரியும்னு அம்மாகிட்ட சொல்லாதக்கா" என்றான்.

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. அந்த மனிதரைத் தன் வண்டியில் உட்காரவைத்து பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய், புதுச்சேரி பஸ்ஸில் ஏற்றி, கூடவே போனான். அவர் முடியாது முடியாது என்று அழுதாராம். இவன் விடவில்லையாம். என்ன சொல்லிச் சம்மதிக்கவைத்தான் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வந்தான். அம்மா கட்டிலில் உட்கார்ந்து, புதிதாக வந்திருந்த கட்டைக்காலை மாட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். அவன் கை கால் கழுவிவிட்டு வந்து அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தான். "எண்ணெ கேட்டாருல்லம்மா, அவரு. அக்காகிட்ட பருப்பு இல்ல. அதான் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போயிட்டன்" என்றான்.

"என்னாச்சி?"

"விரலு மட்டுந்தாம்மா எடுத்தாங்க."

அம்மா அவன் முகத்தையே பார்த்தாள். சூளைச் சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பாளே, அந்தப் பார்வை. பிறகு பார்வையை இறக்கி, நடுவிரல் முட்டியால் கட்டைக்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். காது கொடுத்துக் கேட்டாள்.

"நல்லதாப் போச்சி" என்றாள். "போ, சாப்புடு."